கம்பம் லைன்

மதுரை

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் தேனி பஸ்ஸுக்கு முண்டியடிக்கும் கூட்டத்தில் மெடிக்கல் ரெப்பைக் கண்டுபிடிப்பது சுலபம். இன் பண்ணிய முழுக்கைச் சட்டை, பாலிஷ் கலையாத கறுப்பு ஷூ, உப்பிப்போன தோள்பை. எவ்வளவு நெரிசலானாலும் அந்தப் பை மேல் கேரியருக்குப் போகாது, மடியில்தான் இருக்கும். உள்ளே சாம்பிள் அட்டைகள், ஒரு டேப்லட், கொத்தாகப் பேனாக்கள், அன்றைக்குப் பார்க்கவேண்டிய டாக்டர்களின் பட்டியல்.

மதுரையில் வீடு, மலையடிவாரம் வரை வேலை என்று வாழ்கிற அப்படி ஒரு ரெப்புடன் சென்னைப் பத்திரிகையாளர் ஒருவர் கம்பம் வரை போனார். ரெப்புக்கு ஐம்பது வயது நெருங்குகிறது. பி.எஸ்சி. வேதியியல் முடித்த கையோடு இந்த வேலைக்கு வந்தவர். கம்பெனிகள் பல மாறிவிட்டார், லைன் மட்டும் மாறவில்லை. "கம்பெனி என்னையத் தூக்கலாம். இந்த ரோட்டுல உள்ள டாக்டருங்க தூக்க மாட்டாங்க" என்கிறார்.

ரெப்களுக்குத் தனிப் பூகோளம் உண்டு. மதுரை அவருக்கு 'எச்.கியூ.'. உசிலம்பட்டி போய் அன்றைக்கே திரும்பினால் 'எக்ஸ்'. தேனியைத் தாண்டி ராத்தங்கினால் 'அவுட்'. மூன்றுக்கும் படி வேறு வேறு. எந்தத் தேதியில் எந்த ஊர் என்பதை முந்தின மாதமே 'டூர் புரோகிராம்' போட்டு மேனேஜரிடம் ஒப்புதல் வாங்கியாகவேண்டும்.

சென்னையின் பெரிய மருத்துவமனைகளில் எந்த கம்பெனி மருந்தை வாங்குவது என்பதைக் கொள்முதல் பிரிவு முடிவு செய்துவிடுகிறது. ரெப் அங்கே லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் பல பேரில் ஒருவர். கம்பம் லைனில் அந்த முடிவு ஒற்றை டாக்டரின் பேனாவில் இருக்கிறது. அந்தப் பேனாவைத் தேடித்தான் பஸ் நாகமலையை ஒட்டி மேற்கே ஓடுகிறது.

உசிலம்பட்டி

வீட்டின் முன்கட்டுதான் கிளினிக். வாசலில் செருப்புகள், திண்ணையில் காய்ச்சல் குழந்தைகள், மூட்டுவலிப் பாட்டிகள், பக்கத்து கிராமங்களிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்கள். டாக்டர் எழுபதைத் தாண்டிய எம்.பி.பி.எஸ். இங்கே மூன்று தலைமுறைகளுக்கு ஊசி போட்டவர்.

ரெப்களுக்கு ஒரு முறை இருக்கிறது. விசிட்டிங் கார்டை உள்ளே கொடுத்தனுப்பிவிட்டு ஓரமாக நிற்கவேண்டும். நாற்காலி காலியாக இருந்தாலும் உட்காரக்கூடாது, அது நோயாளிக்கு. ஐந்து டோக்கன் போனதும் ஒரு ரெப் உள்ளே போகலாம். "அண்ணே, நீங்க அடுத்து" என்று உதவியாளர் அக்கா கண்ணாலேயே சொல்கிறார்.

உள்ளே கிடைத்தது இரண்டு நிமிடம். டேப்லட் திறந்தது, மூன்று படங்கள் நகர்ந்தன. சர்க்கரைக்கு ஒன்று, வாயுவுக்கு ஒன்று, சத்துக்கு ஒன்று. டாக்டர் ரத்த அழுத்தக் கருவியைச் சுருட்டிக்கொண்டே கேட்டார்: "கிட்னி வீக்கா இருக்கவங்களுக்கு இந்தச் சர்க்கரை மாத்திரையை எம்புட்டுக் குறைக்கணும்?" ரெப் பதில் சொன்னார். இரண்டு அட்டை சாம்பிளை மேசையில் வைத்தார். கிளம்பும்போது, இந்தத் தொழில் முழுவதும் தொங்கிக்கொண்டிருக்கிற அந்த ஒரு வாக்கியத்தையும் சொன்னார்: "இந்த மாசம் கொஞ்சம் சப்போர்ட் பண்ணுங்க டாக்டர்."

டாக்டர் ஒளிக்கவில்லை. "ஜர்னல் படிக்க எனக்கு நேரம் எங்க இருக்கு? புதுசா என்ன வந்திருக்குன்னு இவுக சொல்லித்தான் தெரியும்" என்றார். சிறுநகரக் குடும்ப டாக்டர் பலருக்கு இதுதான் நிலைமை. கல்லூரியை விட்டு வந்தபின் அவரைத் தேடி வந்து பாடம் சொல்கிற ஒரே ஆள், அந்தப் பாடத்தின் முடிவில் ஒரு பிராண்டை விற்கவேண்டியவர்.

இந்தப் பாடம் என்ன செய்கிறது என்று பல நாட்டு ஆய்வுகள் 58-ஐத் தொகுத்து 2010-ல் பிளோஸ் மெடிசின் இதழ் ஓர் அலசலை வெளியிட்டது. கம்பெனி தரும் தகவலால் மருந்துச் சீட்டின் தரம் உயர்ந்தது என்பதற்கு உருப்படியான சான்று அதில் கிடைக்கவில்லை. பல ஆய்வுகளில் அந்த மருந்தை எழுதுவது கூடியிருந்தது, சிலவற்றில் செலவும் கூடியிருந்தது.

ஆனாலும் மேசையில் வைத்த சாம்பிள் அடுத்த ஐந்தாவது நிமிடம் ஒரு பாட்டியின் சுருக்குப்பைக்குள் போனது. 'விற்பனைக்கு அல்ல' என்று அச்சிட்ட அட்டையைக் கொடுத்து, "காசு குடுக்க வேணாம் ஆத்தா, ராத்திரிக்கு ஒண்ணு" என்றார் டாக்டர். மத்திய அரசு 2024 மார்ச்சில் வெளியிட்ட மருந்து விற்பனை நடத்தை விதிகளின்படி ஒரு டாக்டருக்கு ஒரு மருந்தில் வருடத்துக்கு 12 சாம்பிள் பொதிகள்தான் தரலாம். ஒரு பொதியில் மூன்று நோயாளிகளுக்கு மேல் போதுமான மருந்து இருக்கக்கூடாது. ஆத்தாவுக்கு அந்தக் கணக்கு தெரியாது. அட்டை தீர்ந்ததும் அதே பெயரைச் சொல்லிக் கடையில் கேட்பார். சாம்பிளின் வேலையும் அதுதான்.

ஆண்டிபட்டி கணவாய்

உசிலம்பட்டியைத் தாண்டியதும் வெயில் ஒரு ரகம், கணவாய் ஏறி இறங்கினால் வேறு ரகம். எதிரே மேற்கு மலை சட்டென்று எழுந்து நிற்கிறது. காற்றாலைகள் தெரிகின்றன. 1984-ல் நியூயார்க் மருத்துவமனையில் படுத்தபடியே எம்.ஜி.ஆர். ஜெயித்த தொகுதி இது. சக்கம்பட்டித் தறிச் சத்தம் ரோடு வரை கேட்கிறது.

சாப்பாடு பரோட்டாக் கடையில். சால்னாவை ஊற்றி ஊறவைத்துக்கொண்டே ரெப் போனை எடுத்துக் காட்டினார். கம்பெனி கொடுத்த செயலி. டாக்டர் வாசலில் நின்றுதான் 'கால்', அதாவது சந்திப்பை, பதிவு செய்யவேண்டும். அவர் எங்கே இருக்கிறார் என்பதை ஜி.பி.எஸ். மேலிடத்துக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். மாதக் கடைசி வாரத்துக்கு 'கிளோசிங்' என்று பெயர். டார்கெட் எட்டாவிட்டால் அந்த வாரத்தில் மேனேஜரின் அழைப்பு சாப்பிடும்போதும் வரும், தூங்கும்போதும் வரும்.

இந்தியாவின் மருந்து ரெப்கள் 1963-லேயே அகில இந்தியக் கூட்டமைப்பு அமைத்தவர்கள். போராடித்தான் 1976-ல் விற்பனைப் பிரதிநிதிகளுக்கென்று தனிச் சட்டம் வந்தது. நியமனக் கடிதமும் சம்பளத்தோடு விடுப்பும் அதில்தான் உரிமையாயின. அந்தச் சட்டம் இப்போது 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பில் கரைந்துவிட்டது. "எங்க அப்பன் காலத்துச் சட்டம், எங்க காலத்துல போச்சு" என்று கை கழுவ எழுந்தார்.

அடுத்த நிறுத்தம் டாக்டர் வீடு இல்லை, மெடிக்கல் ஷாப். "என்னம்மா, நம்ம அயிட்டம் எப்படிப் போகுது?" என்று ஆரம்பித்தார். கவுண்டரில் இருந்த பெண் அலமாரியைப் பார்த்தபடி ஒப்பித்தாள். "உங்களது வாரம் எட்டு அட்டை போகுதுண்ணே. அந்த இன்னொரு கம்பெனி போன மாசம் இல்ல, இப்ப இருபது போகுது. பெரிய டாக்டர் மாத்திட்டாரு." ரெப் குறித்துக்கொண்டார். இதற்கு 'ஆர்.சி.பி.ஏ.' என்று பெயர். எந்த டாக்டர் எந்த பிராண்டை எவ்வளவு எழுதுகிறார் என்பதைக் கடைக் கவுண்டரில் விசாரித்து அறிவது. காலையில் உள்ளே தலையாட்டிய டாக்டர் நிஜமாகவே எழுதினாரா என்பது சாயங்காலம் இங்கே தெரிந்துவிடும். தன் பேனா இப்படி எடை போடப்படுவது டாக்டர்களுக்கும் தெரியும். இரு தரப்பும் அதைப் பற்றிப் பேசிக்கொள்வதில்லை.

தேனி

ஊருக்குள் நுழையுமுன் க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. நீண்ட வரிசைகள், இலவச மருந்துக் கவுண்டர். பையைத் திறக்க இங்கே அதிக வேலை இல்லை. 1994-ல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளுக்கு வேண்டிய மருந்துகளை மொத்தமாக டெண்டரில், மூலப்பெயரில் (ஜெனரிக்) வாங்கிவிடுகிறது. பிராண்டுக்கு அங்கே மதிப்பில்லை. அதே அரசு டாக்டர்களில் சிலர் மாலையில் சொந்த கிளினிக்கில் உட்காரும்போது ரெப்பும் வந்துவிடுகிறார். காலையில் மூலப்பெயரில் எழுதிய கை மாலையில் பிராண்ட் பெயரில் எழுதுகிறது.

மதுரை-போடி மீட்டர்கேஜ் நின்றுபோய்ப் பல வருடம் கழித்து, 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் அகலப்பாதையில் ரயில் வந்தது. ரயில் பிடித்த ரெப்கள் சிலர் இப்போது ராத்தங்குவதில்லை. தங்குகிறவர்கள் ராத்திரி பத்து மணிக்கு மேல் டீக்கடை பெஞ்சில் கூடுகிறார்கள். பகலில் ஒரே டாக்டரிடம் போட்டி போட்டவர்கள் இரவில் ஒரே தட்டில் போண்டாவைப் பிய்க்கிறார்கள்.

அங்கே கேட்ட கதைகளில் பாதி பழைய காலத்துக் கதைகள். டாக்டர் மகளின் கல்யாணத்தில் ரெப்கள் பந்தி பரிமாறியது. டாக்டரின் அம்மாவை மதுரைக்குக் கூட்டிப்போய் ஸ்கேன் எடுத்து வந்தது. ரயில் டிக்கெட், காஸ் சிலிண்டர், மகனின் கவுன்சலிங் விண்ணப்பம் என்று ஓடியது. இவற்றில் எது பாசம், எது முதலீடு என்று பிரித்துச் சொல்ல அவர்களாலேயே முடியவில்லை.

இன்னொரு வகைக் கதை கோர்ட்டுக்கே போயிருக்கிறது. டாக்டர்கள் கம்பெனிகளிடம் பரிசு, பயணம், பணம் வாங்கக்கூடாது என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2009 டிசம்பரில் தடை போட்டது. சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ், டாக்டர்களுக்குச் செய்த செலவு சுமார் 4.73 கோடி ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச் சலுகை கேட்டது. 2022 பிப்ரவரி 22 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. தங்கக் காசு, டி.வி., ஃப்ரிட்ஜ், லேப்டாப் போன்றவை அந்தத் தீர்ப்பில் பெயர் சொல்லி வருகின்றன. இந்தச் செலவு கடைசியில் மருந்து விலையில் ஏறி நோயாளி தலையில்தான் விழுகிறது என்றும் நீதிபதிகள் சொன்னார்கள். அதே ஆண்டு ஜூலையிலிருந்து, 20,000 ரூபாய்க்கு மேல் இப்படிப் பலன் கொடுத்தால் 10 சதவீதம் வரி பிடிக்கவேண்டும் என்ற விதியும் வந்தது.

"ஃப்ரிட்ஜ் எல்லாம் பெரிய டாக்டருக்கு. நம்ம லைன்ல தீபாவளி ஸ்வீட்டும் டயரியும்தான்" என்று ஒரு இளம் ரெப் சிரித்தார். சின்னதுதானே என்று தள்ளவும் முடியாது. அமெரிக்காவில் 2,79,000-க்கும் மேற்பட்ட டாக்டர்களின் பதிவுகளைப் பார்த்த 2016-ஆம் ஆண்டு ஆய்வு, கம்பெனி செலவில் ஒரே ஒரு வேளை சாப்பிட்டவர்கள்கூட அந்த கம்பெனி மருந்தை அதிகம் எழுதியிருந்ததைக் கண்டது. அந்தச் சாப்பாட்டின் சராசரி விலை 20 டாலருக்கும் கீழே.

போடி

விடியுமுன் போடி விழித்துவிடுகிறது. ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிய ஜீப்புகள் போடிமெட்டு வளைவுகளை நோக்கி வரிசையாகக் கிளம்புகின்றன. தெருவெல்லாம் ஏலக்காய் மணம். நறுமணப் பொருள் வாரியத்தின் ஏல மையம் இங்கே இருக்கிறது. வியாபாரி காயைக் கையில் எடுத்துப் பார்க்கிறார், நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், பிறகுதான் விலை கேட்கிறார். பணம் போடுகிறவரே தேர்ந்தெடுக்கிறார்.

மருந்து வியாபாரத்தில் அது நடப்பதில்லை. தேர்ந்தெடுப்பவர் டாக்டர், விழுங்குபவர் நோயாளி, காசு கொடுப்பவரும் நோயாளி. கம்பெனி இத்தனை தூரம் ஆள் அனுப்புவது, காசு கொடுக்காத அந்த முதல் ஆளைப் பார்க்கத்தான்.

பஜாரில் ஒரு மருந்துக் கடை. தோட்டத்துச் சேறு காயாத காலோடு ஒரு அம்மா சீட்டை நீட்டினார். மூன்று மருந்து, பதினைந்து நாளுக்கு. கடைக்காரர் கணக்குப் போட்டுச் சொன்னதும் அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துப் பார்த்தார். "அஞ்சு நாளைக்கு மட்டும் வெட்டிக் குடுங்கண்ணே." கடைக்காரர் கத்தரியால் அட்டையை வெட்டினார். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பாதி அவருடைய டப்பாவுக்குள் திரும்பிப் போனது. அம்மாவின் கையில் பெயரில்லாத ஐந்து மாத்திரைகள். ரெப் பக்கத்தில்தான் நின்றார். அவற்றில் ஒன்று அவர் கம்பெனியுடையது. எதுவும் பேசவில்லை.

போடியில் கிளினிக்கிலேயே மருந்து கொடுக்கும் டாக்டர்களும் உண்டு. அவர்களைத் தேடி வருவது வேறு வகைக் கம்பெனிகள். இமாச்சலப் பிரதேசத்தின் பத்தி (Baddi) போன்ற இடங்களில் வேறொருவர் தயாரிக்கும் மாத்திரையைத் தன் பெயரில் அட்டை போட்டு விற்பவை. அட்டையில் அச்சிட்ட விலைக்கும் டாக்டர் வாங்கும் விலைக்கும் நடுவே நல்ல இடைவெளி இருக்கும். ஃப்ரிட்ஜும் வேண்டாம், ஸ்வீட்டும் வேண்டாம், அந்த இடைவெளியே போதும்.

மூலப்பெயரில் எழுதினால் தீராதா என்று பத்திரிகையாளர் ஒரு டாக்டரிடம் கேட்டார். "நான் மூலப்பெயர் எழுதினா பிராண்டைத் தேர்ந்தெடுக்கிறது கடைக்காரர். அவருக்கு எதுல லாபமோ அதைக் குடுப்பாரு. தரத்துக்கு யார் பொறுப்பு?" என்று திருப்பிக் கேட்டார் அவர். நியாயமான கேள்விதான். மூலப்பெயரைக் கட்டாயமாக்கி 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்ட விதிகளை, டாக்டர்கள் இதே காரணத்தைச் சொல்லி எதிர்த்தார்கள். அதே மாதத்திலேயே அவை நிறுத்திவைக்கப்பட்டன.

கம்பம்

போடியிலிருந்து தேவாரம் வழி. இளையராஜா பிறந்த பண்ணைப்புரமும் கோம்பையும் ஜன்னலோரம் கடந்து போகின்றன. உத்தமபாளையம் தாண்டியதும் முல்லைப்பெரியாற்றுத் தண்ணீர் பச்சையாக விரிகிறது. நெல், தென்னை, பந்தலில் திராட்சை. கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ரோட்டோரம் விற்றதை ரெப் ஒரு கிலோ வாங்கினார். "இது டாக்டருக்கு இல்ல, வீட்டுக்கு" என்று கேட்காமலே விளக்கம் சொன்னார்.

கம்பத்தில் ஒரு இளம் பெண் டாக்டர். அவர் கிளினிக் கதவில் ரெப்களுக்கான நேரத்தை எழுதி ஒட்டியிருக்கிறார், வாரத்தில் ஒரு மாலை. சாம்பிள் வாங்குவதில்லை, பேனாகூட வாங்குவதில்லை. ரெப் ஆரம்பித்ததுமே நிறுத்தினார். "அண்ணா, பழைய மருந்தோட ஒப்பிட்டு ட்ரையல் நடந்திருக்கா? அதைக் காட்டுங்க. இல்லேன்னா விலையைச் சொல்லுங்க." ரெப் விலையைச் சொன்னார். "ஏற்கெனவே எழுதுறது இதைவிடக் கம்மி. வேணாண்ணா" என்றார் டாக்டர். சந்திப்பு முடிந்தது.

வெளியே வந்த ரெப்பின் முகத்தில் வருத்தம் இல்லை. "இந்தம்மாகிட்டப் போறதுக்கு முந்தின ராத்திரி நான் படிச்சிட்டுத்தான் போவேன். இருபத்தஞ்சு வருஷ சர்வீஸ்ல என்னையப் படிக்க வச்சது இந்தம்மா மாதிரி மூணு நாலு பேருதான்" என்றார். அந்த டாக்டரால் அவருக்கு அந்த மாதம் ஒரு அட்டைகூட விற்கவில்லை. ஆனாலும் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுக்கவில்லை.

லோயர் கேம்ப்

லைன் கூடலூரோடு முடிகிறது. அதற்கு மேல் லோயர் கேம்ப், பென்னிகுவிக் மணிமண்டபம், பிறகு குமுளி மலைப்பாதை. கேரள எல்லை தாண்டினால் வேறு ரெப்பின் பகுதி.

மலையைப் பார்த்து நின்றபடி ரெப் மத்திய அரசின் அந்த 2024 நடத்தை விதிகளைப் பற்றிப் பேசினார். பரிசுக்குத் தடை, வெளிநாட்டுப் பயணத்துக்குத் தடை, நினைவூட்டுப் பொருள் ஆயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது. எல்லாம் நல்ல விதிகள்தான், ஆனால் அவை சட்டம் அல்ல. மீறினால் விசாரிப்பது கம்பெனிகளின் சங்கங்களே அமைக்கும் நெறிமுறைக் குழு. அதே 2024-ல் ஒரு பன்னாட்டு நிறுவனம் 30 டாக்டர்களை பாரிஸுக்கும் மொனாக்கோவுக்கும் அனுப்பி 1.91 கோடி ரூபாய் செலவழித்தது தெரியவந்தது. நிறுவனத்துக்குக் கிடைத்தது கண்டனம். வரித்துறையும் மருத்துவ ஆணையமும் மேற்கொண்டு பார்க்கட்டும் என்று விஷயம் அனுப்பப்பட்டது.

இந்த விதிகளைச் சட்டமாக்கு என்று உச்ச நீதிமன்றப் படியேறியவர்கள் டாக்டர்களும் அல்ல, நோயாளிகளும் அல்ல. பை சுமக்கும் ரெப்களின் அதே அகில இந்தியக் கூட்டமைப்புதான் அந்தப் பொதுநல வழக்கைத் தொடுத்தது. 2022-ல் நீதிமன்றம் மத்திய அரசுக்கு நோட்டீஸ் அனுப்பியது. "கொடுக்கச் சொல்றது கம்பெனி, வாங்குறது டாக்டர், கெட்ட பேரு எங்களுக்கு. சட்டம் வந்தா நாங்க மருந்தைப் பத்தி மட்டும் பேசலாம்" என்றார் ரெப். டார்கெட்டைச் சம்பளத்தோடு கட்டிப்போட்டிருக்கும் வரை எந்த விதியும் 'சப்போர்ட் பண்ணுங்க'வை நிறுத்தாது என்பது இந்த லைனைப் பார்த்தவருக்கு விளங்கும்.

அதுவரை நோயாளி கையில் ஒன்று இருக்கிறது. மருந்தின் மூலப்பெயரைப் புரியும்படி, முடிந்தால் பெரிய எழுத்துகளில் டாக்டர் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவ கவுன்சில் 2016-ல் திருத்திய ஒழுங்குமுறை சொல்கிறது. 2023 விதிகள் நிறுத்திவைக்கப்பட்டதால் அதுதான் இன்றும் நடப்பில் உள்ளது. தமிழ்நாடு அரசு 2025 பிப்ரவரியில் திறந்த ஆயிரம் முதல்வர் மருந்தகங்களிலும் மத்திய அரசின் மக்கள் மருந்தகங்களிலும் அந்த மூலப்பெயரைக் காட்டினால் குறைந்த விலையில் மருந்து கேட்கலாம். உங்கள் குடும்ப டாக்டரிடம் அடுத்த முறை சீட்டு வாங்கும்போது, பிராண்ட் பெயருக்குப் பக்கத்தில் மூலப்பெயரையும் எழுதித் தரச் சொல்லுங்கள். கடையில் அட்டையை வெட்டி வாங்குவதானால், பெயரும் தேதியும் இருக்கிற பாதியைக் கேட்டு வாங்குங்கள்.